ராபின் இரண்டு தடவைதான் வந்தார்

நூல் சுற்றிய கோனில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க என் அப்பா எந்தக் கருவியையும் நம்பியதில்லை. கோனைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொள்வார். பார்ப்பதற்குக் குழந்தையைக் கொஞ்சுவதுபோல இருக்கும். ஈரம் இருந்தால் எடை கூடும், தண்ணீரை நூல் விலைக்கு வாங்கியவர்கள் ஆவோம், அதற்காகத்தான் அந்தக் கொஞ்சல். திருப்பூரில் காதர்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் நூல் கடையில் உட்கார்ந்து அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் யாராவது ஒன்றை அன்போடு அணைத்துக்கொண்டால் உடனே எடை பார்க்கிறாரோ என்றுதான் எனக்குத் தோன்றும்.

வக்கீலம்மா, நீங்கள் கேட்டது ராபினைப் பற்றி. நான் கடையைப் பற்றி எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். கடையைச் சொல்லாமல் ராபினைச் சொல்ல முடியாது.

எங்களிடம் நூல் வாங்கித் துணி ஓட்டும் நிட்டிங்காரர்கள் அடிக்கடி புகாரோடு வருவார்கள். நூல் அறுகிறது, துணியில் ஓட்டை விழுகிறது, இப்படி. அப்பா ஒருபோதும் முதல் தடவை ஒத்துக்கொள்ள மாட்டார்.

"நூலு நல்லாத்தானுங்க இருக்குது. மெசின்ல ஊசி தேஞ்சிருக்கும், அதையப் பாருங்க மொதல்ல" என்பார்.

இரண்டாம் தடவை வந்தால் நாற்காலி போடச் சொல்வார். டீ வரும். பிறகு, "பேல் பேலாத் தூக்கிட்டு வந்தா நான் எதையப் பாக்கறதுங்க? கோளாறு எங்க இருக்குதோ அந்த எடத்த மட்டும் ஒரு முழம் கத்தரிச்சுக் கொண்டாங்க" என்பார்.

மூன்றாம் தடவை வந்தால் பேச்சே இல்லை. கோனை மாற்றிக் கொடுத்துவிடுவார், கூடவே ஒரு துண்டும் காலண்டரும். பொய் சொல்கிறவனுக்கு இரண்டு தடவைக்கு மேல் படியேற மனசு வராது, உண்மையாகவே அடிபட்டவன்தான் மூன்றாம் தடவை வருவான் என்பது அவர் வைத்திருந்த கணக்கு. ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். சில நிட்டிங்காரர்கள் முதல் தடவைக்கு மட்டும் ஆள் அனுப்பிவிடுவார்கள். "சென்னியப்பண்ணா கிட்ட முடியாதுன்னு கேட்டுட்டு வா" என்றே சொல்லி அனுப்புவார்கள். ஆகவே இதில் ஏமாற்று எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் தெரிந்த ஆட்டம்.

நீங்களும் என்னிடம் மூன்று தடவை வந்தீர்கள். முதல் தடவை, ராபின் எழுதிய கம்ப்யூட்டர் நிரலில்தான் தவறு என்று சொல்லி அனுப்பினேன். இரண்டாம் தடவை, எந்த வரியில் சந்தேகம் என்று குறித்துக் கொண்டுவாருங்கள் என்றேன். மூன்றாம் தடவை நீங்கள் அந்த ஒற்றை வரியோடு வந்தீர்கள். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். வழக்கம் வழக்கம்தான்.

நான் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் படித்தேன். வேலைக்குப் போகவில்லை. கடையில் அப்பாவுக்கு ஒத்தாசையாக இருந்தேன், மற்ற நேரத்தில் கம்பைலர் வேலை. மனிதர்கள் எழுதும் நிரலைச் சிப்புக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். நான் வேலை செய்தது சின்னச் சின்ன சிப்புகளுக்கான ஒரு கம்பைலர். அதற்கு முதலாளி கிடையாது. பல தேசத்து ஆட்கள் கூலி வாங்காமல் கூடிச் செய்வது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்தும் பார்க்கலாம், விலை இல்லை. அப்பாவிடம் இதை ஒருமுறை விளக்கினேன்.

"காசு வாங்காமத் தர்றவன் வேற எதையோ வாங்கறான் கண்ணு" என்றார்.

சரியாகத்தான் சொன்னார். நான் பேர் வாங்கினேன். கடைக்கு வருகிற யாருக்கும் நான் சென்னியப்பன் மகன். என் பேர் மகுடேஸ்வரன் என்பதை டீக்காரர்கூடச் சொல்லிக் கேட்டதில்லை. அங்கே நான் மேக். அந்தக் கூட்டத்தில் எவ்வளவோ பெரிய மூளைகள் இருந்தன. ஒரு விஷயத்தில் முடிவெடுக்கும் முன் "மேக் என்ன சொல்கிறார்?" என்று கேட்டுக் காத்திருப்பார்கள். என்னை எல்லோரும் வெள்ளைக்காரன் என்று நினைத்தார்கள். நான் மறுக்கவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. யாரும் கேட்கவில்லை.

கம்பைலரில் கோளாறு கண்டவர்கள் எழுதிப் போடுவதற்கு இணையத்தில் ஒரு புகார்ப் பலகை இருந்தது. அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அந்தப் பொறுப்பை மற்றவர்கள் வேண்டாவெறுப்பாகப் பார்ப்பார்கள். எனக்கு அது பிறந்த வீடு. வருகிற புகாரில் பாதிக்கு மேல் எழுதியவரின் சொந்தத் தவறாகத்தான் இருக்கும். முதல் தடவை, உங்கள் நிரலைப் பாருங்கள் என்று எழுதி "செல்லாது" என்று குறித்து மூடிவிடுவேன். மறுபடி வந்தால், கோளாறு தெரிகிற அளவுக்குச் சின்னத் துண்டாகக் கத்தரித்து அனுப்புங்கள் என்பேன். மூன்றாம் தடவை வந்தால் உட்கார்ந்து சரிசெய்வேன். பலகை சுத்தமாக இருந்தது. மேக் வந்த பிறகுதான் ஒழுங்கு வந்தது என்று எழுதினார்கள். காதர்பேட்டைச் சரக்கு என்று அவர்களுக்குத் தெரியாது.

இரண்டாயிரத்து எட்டில் நான் கம்பைலரில் ஒரு மாற்றம் செய்தேன். ஸ்டாக் என்று ஒன்று உண்டு. அதைச் சிப்புக்குள் இருக்கும் மேஜை என்று வைத்துக்கொள்ளுங்கள். பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜை பார்த்திருப்பீர்கள். ஒரு பெண் துணியை விரித்துப் பார்த்து மடித்து எடுத்துக்கொண்டு போவார், அதே இடத்தில் அடுத்தவர் வந்து விரிப்பார். மேஜை சிறியதாக இருந்தாலும் வேலை ஓடும். ஆனால் ஒருவர் எழுந்து போய் இன்னொருவர் வந்து உட்காரும் நேரம் வீண். நான் அந்த நேரத்தை மிச்சப்படுத்தினேன். எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்தேன். வேலை வேகமாக நடந்தது. ஆனால் எல்லோருடைய துணியும் ஒரே சமயத்தில் மேஜையில் கிடந்தது. மேஜை கொள்ளாவிட்டால் துணி வழிந்து பக்கத்துக் கூடையில் விழும். அந்தக் கூடையில் வேறு யாருடைய பொருள் இருந்தாலும் அதன் மேல்தான் விழும்.

அந்த வேகத்துக்காக என்னைக் கொண்டாடினார்கள். புதிய பதிப்பு வெளிவரும்போது ஜெர்மனியில் ஒரு கூட்டம், அதில் நான் பேசுவதாக ஏற்பாடு. அந்த ஊரில் ஒரு கம்பெனி வேலையும் தருவதாகச் சொல்லியிருந்தது. பாஸ்போர்ட்டில் மகுடேஸ்வரன் என்று இருக்கும், வந்து இறங்கும்போது பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

அப்போதுதான் ராபினின் முதல் புகார் வந்தது. பதிப்பு வெளிவருவதற்கு முன்னால், சோதனைக்காக விட்டிருந்த சரக்கைப் பற்றி.

ஆங்கிலம் தட்டுத் தடுமாறி இருந்தது. கம்பைலர் ஸ்டாக்கை அளவுக்கு மேல் தின்கிறது, பழைய பதிப்பில் சரியாக ஓடிய நிரல் இதில் தடம் மாறுகிறது என்று எழுதியிருந்தார். கீழே தன் ஊரையும் போட்டிருந்தார், திருப்பூர் என்று. எதற்காக அந்த நிரல் என்றும் சொல்லியிருந்தார். ஹைட்ரோ மெஷின்.

சாயப்பட்டறை பக்கம் நீங்கள் போனதில்லை என்றால், அது ஆள் இறங்கி நிற்கும் அளவுக்கு ஒரு இரும்புக் கூடை. சாயம் போட்ட ஈரத் துணியை அதில் போட்டு மூடினால் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றித் தண்ணீரைப் பிழியும். சுற்றும்போது மூடி திறந்தால், உள்ளே போன கை வெளியே வராது. ராபின் செய்து கொடுத்த போர்டு அந்த மூடிக்குக் காவல். கூடை நின்றால்தான் பூட்டை விடும். டக் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் உள்ளே கை விடுவார்கள். ராபினின் சிப்பில், நான் முன்பு சொன்ன மேஜைக்குப் பக்கத்தில், துணி வழிந்து விழும் இடத்தில் ஒரே ஒரு செய்திதான் இருந்தது. இரும்புக் கூடை சுற்றுகிறதா, நின்றுவிட்டதா என்ற செய்தி. அது அழிந்தால், கூடை சுற்றும்போதே நின்றுவிட்டது என்று நினைத்துப் போர்டு பூட்டை விட்டுவிடும்.

படித்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், அப்போதே புரிந்துவிட்டது. என் மாற்றம்தான் காரணம். முதல் தடவை என்பதால், உங்கள் நிரலைப் பாருங்கள் என்று எழுதி மூடினேன்.

ராபின் தெற்கே நாசரேத் ஊர்ப் பக்கத்து ஆள். டிப்ளமோ படித்துவிட்டு, பிழைப்புக்காக மனைவியோடு இங்கே வந்தவர். பக்கத்தில் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு ஒற்றை அறையில் போர்டுகள் செய்தார். அவருக்கு எங்கள் ஊர் வழக்கம் தெரியாது. முடியாது என்றால் முடியாது என்றே எடுத்துக்கொள்கிறவர். அதனால் அவர் இரண்டாம் தடவை வந்தபோது கோபமாக வந்தார். முழுக்கப் பெரிய எழுத்துகளில் எழுதியிருந்தார். நீங்கள் நான் எழுதியதைப் படித்தீர்களா, உங்களுக்கு மனசாட்சி உண்டா, இங்கே மனிதர்கள் மெஷினுக்குள் கை விடுகிறார்கள் என்று. நடுவில் இரண்டு இடத்தில் விஷயத்தையும் தப்பாகச் சொல்லியிருந்தார். சிப்பின் மீதும் பழி போட்டிருந்தார். கோபத்தில் எழுதுகிறவர்கள் இப்படி ஏதாவது கைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

நான் நிதானமாகப் பதில் எழுதினேன். இது தன்னார்வலர்கள் நடத்தும் இடம், மரியாதையோடு பேசவும். கோளாறு தெரிகிற சின்னத் துண்டு ஒன்றை அனுப்பவும். இதைப் பார்த்த மற்றவர்கள் மேக்கின் பொறுமையைப் பாராட்டினார்கள்.

சின்னத் துண்டில் அந்தக் கோளாறு தெரியாது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தால்தானே மேஜை வழியும். ஒருத்தரை மட்டும் தனியாக உட்கார வைத்துக் காட்டினால் மேஜை காலியாகத்தான் இருக்கும். அது எனக்குத் தெரியும். அதனால்தான் சின்னத் துண்டு கேட்டேன். அவர் அதே புகாரின் கீழேயே துண்டு துண்டாகக் கத்தரித்து அனுப்பிப் பார்த்தார். ஒவ்வொன்றும் ஒழுங்காக ஓடியது. என்னிடம் சரியாகவே வேலை செய்கிறது என்று குறித்து மறுபடி மூடினேன்.

பழைய பதிப்புக்கே போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். பழைய சிப் கோயமுத்தூர்க் கடைகளில் வருவது நின்றுபோயிருந்தது. புதிய சிப்பைப் புதிய பதிப்பு மட்டும்தான் ஏற்கும். நிரலை அவரும் முடிந்தவரை சுருக்கினார். அப்படியும் கோளாறு எப்போதாவது வந்தது. எப்போது வரும் என்றும் கண்டுபிடித்திருந்தார். கரண்ட் போய், ஜெனரேட்டர் எடுக்கும் அந்த நேரத்தில், போர்டு புதிதாக விழித்து எல்லா வேலையையும் ஒன்றாகத் தொடங்கும்போது. அந்த வருஷம் கரண்ட் எத்தனை தடவை போனது என்று உங்களுக்கே தெரியும்.

அந்த போர்டு மாட்டியிருந்த சாயப்பட்டறை ஆறுச்சாமி மாமாவுடையது. எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். ஒருநாள் நூல் விஷயமாகப் போனவன் ஹைட்ரோவையும் எட்டிப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்ததைச் சொல்கிறேன், அதனால் எனக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மெஷினில் துணி எடுத்துக்கொண்டிருந்தது ராபினின் மனைவி ரோஸ்மேரி. கை விரல் நுனியெல்லாம் வெளிறிச் சுருங்கியிருந்தது. என்னைக் கம்ப்யூட்டர் படித்தவன் என்று மாமா சொல்ல, அந்தப் பெண் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தது.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? இவுக நேத்துப் பூரா சோறு திங்கல. மெசின நம்பாத, சத்தம் கேட்டாலும் எட்டிப் பாத்துட்டுக் கைய விடுன்னு உயிர எடுக்காக. வெள்ளத் துணி சுத்துனா நிக்கித மாதிரியேதாம்ண்ணே இருக்கு. எட்டிப் பாத்து என்ன செய்ய? இந்தச் சத்தம் கேட்டா விடலாமா, கூடாதா?"

மாமா எனக்கு முன்னால் பதில் சொன்னார். "ஏம்மா, கம்பைலர் கம்பெனிக்காரனே தப்பு உன்ற ஊட்டுக்காரன் மேலதான்னு எழுதிட்டான். அவன் அதைய ஒத்துக்காம உன்னையும் பயமுறுத்தறான். மாப்ளே, நீ சொல்லு. எக்ஸ்போர்ட்டு சிப்மெண்ட்டு நிக்குது."

நான் அங்கே என்ன சொல்லியிருக்க முடியும்? என் மாமா முன்னால், ஒரு விவரமும் புரியாத பெண்ணிடம், மேஜை கூடை என்றெல்லாம் ஆரம்பிக்க முடியுமா? பதிப்பு வெளிவர இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. வந்தபின் சத்தமில்லாமல் சரிசெய்துவிட நினைத்திருந்தேன்.

"விடலாம்மா" என்றேன்.

"படிச்சவக சொன்னாத்தான் நிம்மதியா இருக்கு" என்றது. மறுபடியும் கூடைக்குள் குனிந்தது.

அதன் பிறகு ராபின் எங்கள் கடைக்கு வந்தார். ஆறுச்சாமி மாமாதான், சென்னியப்பன் மகன் இங்கிலீசு நன்றாக எழுதுவான் என்று அனுப்பியிருக்கிறார். அதுவரை நான் அவரை நேரில் பார்த்ததில்லை. பெரிய எழுத்தில் அப்படிக் கத்தியவர், நேரில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"அண்ணே, நா எழுதுதது அந்த வெள்ளக்காரனுக்கு வெளங்க மாட்டுக்கு. மேக்குனு ஒருத்தன். நா தப்பாப் பேசிட்டேன்னு கோவமா இருக்கான் போல. நீங்க நல்ல இங்கிலீசுல, மன்னிப்புக் கேட்டு, ஒரு தடவ எழுதித் தாங்களேன்."

"அவன் என்ன கேக்கறான்?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்ததைக் கேட்டேன் என்று நீங்கள் நினைக்கலாம். அவர் வாயால் கேட்க ஆசையாக இருந்தது.

"சின்னத் துண்டு கேக்கான். ஏண்ணே, ஒடம்பு பூரா நோவுதுன்னு ஆஸ்பத்திரிக்குப் போனா, நோவுத எடத்த மட்டும் அறுத்துக் கொண்டான்னு எந்த டாக்டராவது கேப்பானா? இவன் கேக்கான்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அப்பா உள்ளேயிருந்து டீ சொல்லி அனுப்பினார். நாங்கள் இரண்டு பேரும் அந்த மேக்கைத் திட்டிக்கொண்டே டீ குடித்தோம். அவனுக்கு என்ன, குளிர் தேசத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதுவான், இங்கே ஈரத் துணியில் கை விடுகிறவள் கஷ்டம் அவனுக்கு என்ன தெரியும் என்று நான்தான் சொன்னேன். ராபினுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் பக்கம் பேச ஒரு ஆள் கிடைத்தது என்று.

பிறகு எழுத உட்கார்ந்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கேட்டால் நம்ப மாட்டீர்கள், அவ்வளவு அருமையாக வந்தது. கோபம் இல்லை, பிழை இல்லை. ஏன் சின்னத் துண்டில் இது தெரியாது என்பதற்கு அவருக்குத் தெரியாத காரணத்தையும் நானே சேர்த்தேன். எந்த மாற்றத்தால் இது வந்தது என்றுகூட ஊகம்போல ஒரு வாக்கியம் வைத்தேன். வாசித்துத் தமிழில் சொன்னபோது ராபின் வாயைப் பிளந்தார்.

"இதத்தாம்ண்ணே நா ரெண்டு மாசமா சொல்லணும்னு தவிச்சேன். இதுக்கு மேல ஒருத்தன் முடியாதுன்னு சொல்லவே முடியாதுல்லா?"

முடியாதுதான். நான் அதைப் பலமுறை படித்துப் பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் யார் பார்த்தாலும் மாற்றத்தைத் திரும்ப எடு என்று சொல்லிவிடுவார்கள். பதிப்பு தள்ளிப்போகும். ஜெர்மனியில் நான் பேச எதுவும் இருக்காது.

அனுப்பிவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். அனுப்பவில்லை.

இரண்டு நாள் கழித்து நானே நெருப்பெரிச்சலுக்குப் போனேன். அலைய வைக்க வேண்டாமே என்று.

"பதில் வந்துருச்சுங்க ராபின். நல்லா ஆராஞ்சு பாத்தாங்களாம். கம்பைலர்ல ஒண்ணும் இல்லையாம்" என்றேன்.

சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. கையிலிருந்த சால்டரிங் அயர்னை மெதுவாக அதன் ஸ்டாண்டில் வைத்தார்.

"நீங்க எழுதியே முடியாதுன்னுட்டான்னா, அப்ப தப்பு எங்கிட்டதாம்ண்ணே இருக்கு. நாந்தான் எங்கயோ கோட்ட விட்டிருக்கேன். அவனப் போயி ஏசிட்டேனே" என்றார்.

அன்றிலிருந்து அவர் கம்பைலரைச் சந்தேகப்படுவதை விட்டுவிட்டுத் தன்னையே தேட ஆரம்பித்தார். இல்லாத தவறை வரி வரியாகத் தேடினார். அந்தத் தேடலில், மனைவியை மெஷினைவிட்டு நிறுத்த வேண்டும் என்ற பேச்சையும் விட்டுவிட்டார். தப்பு தன்னுடையது என்றால் தன்னால் திருத்திவிட முடியும் என்று ஒரு தெம்பு வந்துவிடுகிறது மனிதனுக்கு. நான் கெடுத்தது அந்த ஒன்றைத்தான் என்று சில சமயம் தோன்றும். அவரிடம் இருந்த பயத்தை எடுத்துவிட்டேன்.

விபத்து மத்தியானம் நடந்தது. கரண்ட் போனது. மோட்டார் சத்தம் நின்றுவிட்டது, கூடை மட்டும் ஓடிய வேகத்தில் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டர் எடுத்தது. போர்டு விழித்தது. டக் என்று சத்தம் வந்தது. ரோஸ்மேரி எட்டிப் பார்த்ததாகத்தான் உடன் இருந்தவர்கள் சொன்னார்கள். கூடை நிறைய வெள்ளைத் துணி.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவிநாசியைத் தாண்டும்போது உயிர் போய்விட்டது.

நான் அடக்கத்துக்குப் போனேன். மாலை வாங்கிக்கொண்டு போனேன். ராபின் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க எனக்காக எழுதுனீகளேண்ணே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். சவப்பெட்டியில் வலது கை இருக்க வேண்டிய பக்கம் துணியை மடித்து, மடித்து, மேடாக வைத்திருந்தார்கள்.

போலீசுக்குக் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஆறுச்சாமி மாமா என்னைச் சொன்னார். நிரலை ஆராய்ந்து கருத்து எழுதிக் கொடுத்தேன். நிரலில் நினைவக ஒழுங்கு போதவில்லை, கம்பைலர் மீது ஏற்கெனவே கொடுக்கப்பட்ட புகார்கள் ஆராயப்பட்டுச் செல்லாதவை என்று முடிவு செய்யப்பட்டுள்ளன என்று எழுதினேன். யாரால் முடிவு செய்யப்பட்டன என்று யாரும் கேட்கவில்லை. எழுதியதில் ஒரு சொல்லும் பொய் இல்லை, நீங்கள் எடுத்துப் பாருங்கள். வழக்கு ராபின் மேல் வந்தது, கோர்ட்டில் அவர் "என் தப்புதான் ஐயா" என்று சொல்லிவிட்டார். தண்டனை விதித்த பிறகு ஜாமீனும் வேண்டாம் என்று உள்ளேயே இருக்கிறார். மேல்முறையீடும் அவருடைய அண்ணன் போட்டது, அவர் கேட்டதில்லை என்று நீங்களே சொன்னீர்கள்.

பதிப்பு வெளிவந்தது. ஜெர்மனியில் பேசிவிட்டு வந்தேன். கை தட்டினார்கள். வேலைக்குப் போகவில்லை. ஏன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அங்கே துணி துவைக்கும் கடை ஒன்றில் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மூடிக்குக் கண்ணாடி வைத்திருந்தார்கள். சுற்றுவது தெரிந்தது. நின்று, டக் என்று சத்தம் வந்ததும் என் துணியை எடுக்காமலேயே எழுந்து வந்துவிட்டேன்.

ஊர் திரும்பியதும் அந்தக் கோளாறைச் சரிசெய்தேன். ஒரே நாள் வேலை. எங்கள் கம்பைலர் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோளாறைச் சரிசெய்தால், அதை முதலில் சொன்னவரின் பேரை நன்றியோடு அந்தக் குறிப்பில் போட வேண்டும். அப்பா கோனோடு துண்டும் காலண்டரும் தருவதுபோல. நான் போட்டேன். புகார் தந்தவர் ராபின், திருப்பூர், நன்றி என்று. போடாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நீங்கள் மூன்றாம் தடவை எடுத்துக்கொண்டு வந்து மேஜையில் வைத்தது அந்த வரிதான். செல்லாத புகாருக்கு எதற்கு நன்றி என்று கேட்டீர்கள். மேக் என்பது யார் என்றும் கேட்டீர்கள். நல்ல கேள்விகள். அப்பா இருந்திருந்தால் உங்களுக்கு நாற்காலி போடச் சொல்லியிருப்பார்.

ஆகவே, மேக் நான்தான். புகார் உண்மை என்று முதல் நாளே எனக்குத் தெரியும். மூடி திறக்கும் என்று தெரிந்துதான் அந்தப் பெண்ணிடம் கை விடலாம் என்றேன். ராபினின் நிரலில் தவறு இல்லை. இதை எந்தக் கோர்ட்டிலும் சொல்கிறேன், கையெழுத்தும் போட்டுத் தருகிறேன்.

ஒன்று மட்டும் ராபினிடம் சொல்லுங்கள். நான் அவர்மேல் கோபமாக இருந்ததே இல்லை. பெரிய எழுத்தில் எழுதியதற்குக்கூட. எங்கள் ஊர் வழக்கம் தெரியாமல் அவர் அவசரப்பட்டு மனசு தளர்ந்துவிட்டார், அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. கடையில் உட்கார்ந்து நாங்கள் எழுதியதைக் கணக்கில் சேர்க்க முடியாது, அது பலகைக்கு வரவே இல்லை. பலகையைத் திறந்து நீங்களே பாருங்கள், எல்லோரும் பார்க்கத்தான் இருக்கிறது. ராபின் இரண்டு தடவைதான் வந்திருக்கிறார். இன்னும் ஒரே ஒரு தடவை வந்திருந்தால், வக்கீலம்மா, நான் மாற்றிக் கொடுத்திருப்பேன்.